சிவப்பு நூல் கட்டின அரிதட்டு

முதலில மாறினது நகம்.
பதினொரு கிழமைக்குப் பிறகு
இடக்கைப் பெருவிரலில ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழ வழவழப்பு,
மேல பழைய நான்:
அகப்பை மாதிரிக் குழிஞ்சு, வரிவரியாய்.

டொக்டர் பழைய மருந்துத் துண்டின்ர பின்பக்கம்
கீறிக் காட்டினவர்.
சிறுகுடலுக்குள்ள புல்லுமாதிரி ஒண்டு இருக்குமாம்,
எனக்கு அது மேய்ஞ்சு முடிஞ்ச தரவையாம்.
"கோதம்ப மா. இனி உயிர் உள்ளவரைக்கும் தொடாதேங்கோ."
நான் நில அளவைக் கந்தோரில படம் கீறுறவள்.
தரவை எண்டால் விளங்கும்.

பதினாலு வருசம் இரும்புக் குளிசை விழுங்கினன்.
கறுப்பாய்ப் போச்சு, இரத்தம் ஏறேல்லை.
நாவூறு கழிச்சினம், பூச்சிமருந்து தந்தினம்.
"யோசிக்கிறியள், அதுதான் வயிறு ஊதுது" எண்டு
கொழும்பில ஒருத்தர் சொன்னவர்,
நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு.

குசினியில இப்ப எல்லை போட்டாச்சு.
அலுமாரியின்ர மேல்தட்டு எனக்கு.
நீத்துப்பெட்டி ரெண்டு, இடியப்ப உரல் ரெண்டு,
சிவப்பு நூல் கட்டின அரிதட்டு
அவிச்ச மாவுக்குள்ள போகக்கூடாது.
கிளமென்ற் ஒருநாள் போட்டிட்டார்.
மூண்டு நாள் கக்கூசும் நானும்.
அவர் ஒண்டும் கதைக்கேல்லை.
பழைய நூலை அறுத்துப்போட்டுத்
தடிச்ச நூலாய்க் கட்டினார்,
தூண்டிலுக்குப் போடுற முடிச்சு.

மில்லுக்கு விடிய ஆறரைக்கே போகவேணும்,
சத்துமாக்காரர் வர முதல்.
"என்னக்கா, அரிசிக்கும் சாதி பாக்கிறியளோ?"
மில்காரப் பெடியன் கேட்டான்.
சிரிச்சன்.
ஸ்கூட்டியில வரேக்கை சிரிப்பு நிண்டிட்டுது.

பெருங்காயத்துக்குள்ளயும் இருக்காம்,
டப்பாவில எறும்பெழுத்தில போட்டிருக்கு.
இனிக் கலியாண வீட்டுச் சாம்பார் இல்லை.
இலையில வெறும் சோறும் தயிரும் போட்டுக்கொண்டு இருக்க
புளோரிடா மச்சாள் குனிஞ்சு பாக்கிறா:
"டயற்றோ? உந்த வயசில ஆருக்கு?"

அஞ்சு மணிக்குப் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள்ள திரும்பும்.
பாட்டுக்கு முன்னம் வாசம் வரும்.
அச்சுப்பாணின்ர கருகின கரை, இடிச்ச சம்பல்.
அதைப் பற்றி நான் எழுதப் போறதில்லை.

கோயில்தான் கரைச்சல்.
அப்பமும் கோதுமை.
பாசையூரில அஞ்சு ஞாயிறு
நான் நன்மைக்கு எழும்பேல்லை.
ஆறாம் ஞாயிறு பின்வாங்கில
என்ர பாவத்தைக் கண்டுபிடிச்சாச்சு.
ஒருத்திக்குக் கந்தோர் மனுசன்,
இன்னொருத்திக்குச் சீட்டுக்காசு.
சுவாமியிட்டப் போனன்.
"கோதுமை இல்லாட்டில் அது அப்பம் இல்லைப் பிள்ளை,
சட்டம் அப்பிடி.
ஆனால் இரசம் மட்டும் எடுத்தாலும் முழுசுதான்."
இப்ப எனக்கெண்டு ஒரு சின்னக் கிண்ணம்.
சங்கிலித்தாம் அதை வேற துணியால துடைக்கிறார்.
ஒரு மிடறு. புளிப்பு, பிறகு சூடு.
வாசலில தோணிக்கார ஜெறோம் அண்ணை மறிச்சுக் கேக்கிறார்,
"தங்கச்சி, உந்த வருத்தம் எனக்கும் வர
என்ன செய்யவேணும்?"

ஒன்பது கிலோ ஏறிப்போச்சு.
சாறிச் சட்டை கையில ஏறுதில்லை.
தைக்கிற சவிரினா ஒரு அங்குலம் பிரிச்சு விட்டா,
பழைய ஊசித்துளை வரிசையாய்த் தெரியுது.
சீப்பில மயிர் இல்லை, வாயில புண் இல்லை.
கந்தோர் மாடிப்படி முடிஞ்ச பிறகும்
மூச்சு மிஞ்சுது.

நான் ஆறுதலான ஆள் எண்டுதான்
எல்லாரும் சொல்லுறவை.
நானும் அதை என்ர குணம் எண்டு வைச்சிருந்தன்.
போன கிழமை,
மூண்டு மாசமாய்க் கிடந்த வரைபடத்துக்காக
மேலதிகாரியோட சத்தம் போட்டன்.
பேனையைக் கீழ வைச்சு
சத்தியபாமா என்னையே பாத்துக்கொண்டிருந்தா.
வீட்டை வந்து கிளமென்றிட்டக் கேட்டன்:
நீங்கள் கட்டினது என்னையோ, மாவையோ?
அவர் மீனை வெட்டிக்கொண்டே
"ரெண்டையும்தான்" எண்டார்.

கோடு நகத்தின்ர நுனிக்கு வந்திட்டுது.
நகவெட்டியை எடுத்தன்.
பிறகு லாச்சிக்குள்ள வைச்சன்.
ஞாயிறு வெட்டுவம்.